ராட்வீலர் வளர்க்கப் போகிறீர்களா? குட்டி வருவதற்கு முன்னாலிருந்தே ஆரம்பிப்போம்

ராட்வீலர் வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கு, நாய் கேட் ஓரம் சங்கிலியில் பத்து மணி நேரம் என்றால் தயவுசெய்து வேண்டாம். கேமரா வாங்கி மாட்டுங்கள், செலவும் குறைவு, யாரையும் கடிக்காது. வீட்டில் ஒருவராவது இருக்கிறார், தினமும் காலையும் மாலையும் நேரம் ஒதுக்க முடியும், அடுத்த எட்டுப் பத்து வருஷம் (இந்த இனம் பொதுவாக வாழ்வதே அவ்வளவுதான்) இந்தப் பொறுப்பு நம் தலையில் என்று தெரிந்துதான் இறங்குகிறோம் என்றால் மேலே படியுங்கள்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே அளவுகோலை வைத்துத்தான் பேசப்போகிறேன். எட்டு வாரக் குட்டி ஏழெட்டுக் கிலோ இருக்கும். வளர்ந்த ஆண் நாய் 50 கிலோ, பெண் நாய் 40 கிலோவுக்கு மேல். இன்றைக்குக் குட்டி செய்கிற ஒவ்வொரு சேட்டையையும் 50 கிலோவில் செய்தால் பரவாயில்லையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பரவாயில்லை என்றால் விடுங்கள். இல்லை என்றால் இன்றைக்கே நிறுத்துங்கள்.

முதலில் சட்டம், அப்புறம் ஆசை

2024 மார்ச்சில் மத்திய கால்நடைத் துறை 23 இன நாய்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது, அந்தப் பட்டியலில் ராட்வீலரும் உண்டு. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே ஆண்டு மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுப் பெண் குழந்தையை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறின. அதற்குப் பிறகு நம் ஊரில் இந்த இனத்தைப் பார்க்கிற பார்வையே மாறிப்போனது, மாறியதில் நியாயமும் இருக்கிறது. சென்னை மாநகராட்சி 2025 டிசம்பரில் ராட்வீலருக்கும் பிட்புல்லுக்கும் புதிய உரிமம் கொடுப்பதை நிறுத்தியது. ஏற்கெனவே உரிமத்தோடு வைத்திருப்பவர்கள் வெளியே கூட்டிப்போனால் கயிறும் வாய்ப்பூட்டும் கட்டாயம். ஆகவே சென்னைக்குள் இருப்பவர்கள் இந்த ஆசையை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மற்ற ஊர்க்காரர்கள் குட்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் தங்கள் மாநகராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் நேரில் போய் விசாரியுங்கள். விற்பவர் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்றுதான் சொல்வார், உரிமம் வாங்க வேண்டியது நீங்கள்.

இன்னொன்று. நாய் யாரையாவது கடித்தால் அது நாயின் குற்றமாகாது, உங்கள் குற்றம். தன் பொறுப்பில் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்து வராதபடி பார்த்துக்கொள்ளத் தவறினால் பாரதிய நியாய சன்ஹிதா என்கிற தண்டனைச் சட்டத்தின் 291-வது பிரிவின் கீழ் ஆறு மாதம் வரை சிறை, 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் இனத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லி அனுமதி வாங்குங்கள். "சின்ன நாய்தாங்க" என்று சொல்லிக் கூட்டி வந்தால் ஆறாவது மாதத்தில் முப்பது கிலோவாக நிற்கிறபோது என்ன சொல்வீர்கள்?

இது எதற்காக உருவான நாய்

தென்மேற்கு ஜெர்மனியில் ராட்வைல் என்று ஒரு ஊர், மாட்டுச் சந்தைக்குப் பேர்போனது. அங்கே கசாப்புக்காரர்கள் மாடு ஓட்டவும் வண்டி இழுக்கவும் வளர்த்த நாய் இது. ரயில் வந்து அந்த வேலை போனதும் இனமே அழியப் பார்த்தது. 1910-ல் அங்கே காவல்துறை நாயாக ஏற்றுக்கொண்ட பிறகுதான் மறுவாழ்வு. மாட்டை நகர்த்த இது உடம்பால் முட்டும், குறுக்கே நின்று வழியை மறிக்கும். இன்றும் அப்படித்தான், நீங்கள் சமையலறையில் நின்றால் பின்னால் வந்து முழு எடையையும் உங்கள் காலில் சாய்த்து நிற்கும். அது பாசம். அறுபது வயது அம்மாவின் முழங்காலுக்கு அந்தப் பாசம் ஆகாது. தடவிக்கொடுக்கும்போது தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம் வரும், புதிதாகக் கேட்பவர்கள் உறுமுகிறது என்று பயந்துவிடுவார்கள். உடம்பு தளர்ந்து, கண் சொருகி இருந்தால் சுகத்தில் போடும் சத்தம். உடம்பு விறைத்து, வாய் மூடி, கண் ஒரே இடத்தில் குத்தி நின்றால் அது உறுமல். இந்த வித்தியாசம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும், விருந்தாளிக்குத் தெரியாது என்பதும் ஞாபகம் இருக்க வேண்டும்.

குட்டி எடுப்பது

ப்ரீடர் வீட்டுக்கு நேரில் போங்கள். தாய் நாயைப் பார்க்காமல் குட்டி எடுக்காதீர்கள். அறிமுகமில்லாத உங்களைப் பார்த்து அந்தத் தாய் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் உங்கள் குட்டியின் குணத்துக்குக் கையில் கிடைக்கிற முதல் தடயம். குட்டி போட்ட தாய் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது சகஜம், ஆனால் கூண்டைக் கடித்து வெறிபிடித்துக் குரைக்கிறது என்றாலோ, மூலையில் ஒடுங்கி நடுங்குகிறது என்றாலோ கிளம்பிவிடுங்கள். 2017 நாய் இனப்பெருக்க விதிகளின்படி ப்ரீடர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. முப்பது நாளில் தூக்கிக் கொடுக்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்தக் குட்டி தாயிடமும் கூடப்பிறந்தவைகளிடமும் கடியின் அளவைக் கற்றுக்கொள்கிற வாரங்களை இழந்துவிட்டு வருகிறது, பின்னால் அந்தப் பாடத்தை உங்கள் கையில்தான் படிக்கும்.

பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரே கேளுங்கள். இந்த இனத்தில் இடுப்பு மூட்டு, முழங்கை மூட்டுக் கோளாறு அதிகம். கேட்டதும் ப்ரீடர் விழித்தால் அதுவே பதில். நாய்களின் வம்சாவளியைப் பதிவு செய்கிற, சென்னையில் தலைமையகம் உள்ள கெனல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழும், தோலுக்கடியில் வைக்கிற மைக்ரோசிப்பின் எண்ணும் வம்சாவளியை மட்டும்தான் சொல்லும், குணத்துக்கும் ஆரோக்கியத்துக்கும் அது உத்தரவாதம் இல்லை. "பெரிய தலை, ஜெர்மன் லைன்" (ஜெர்மன் வம்சம்) என்று விலை ஏற்றுவார்கள். ஜெர்மனியில் 1998 முதல் வாலை வெட்டவே தடை, அங்கே ராட்வீலர் என்றால் முழு வாலோடுதான். இங்கே ஜெர்மன் லைன் என்று சொல்லிக்கொண்டே வாலை வெட்டிக் கொடுக்கிறார்கள், சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. முதல்முறை வளர்ப்பவர்கள் பெண் குட்டி எடுங்கள், எடையும் முரட்டுத்தனமும் ஒரு படி குறைவாக இருக்கும். குட்டிகளில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு முதலில் பாய்ந்து வருவதும் வேண்டாம், ஒளிந்துகொள்வதும் வேண்டாம். நிதானமாக வந்து மோந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்காருகிறதே, அதுதான் குடும்பத்துக்கு.

வீட்டில் முதல் சில வாரங்கள்

டைல்ஸ் தரைதான் நம் வீடுகளில் பெரிய பிரச்சினை. வேகமாக எடை ஏறுகிற குட்டி வழுக்கு தரையில் கால் விரிந்து விரிந்து ஓடினால் மூட்டு கெடும். அது புழங்குகிற வழியெல்லாம் ரப்பர் பாய் போடுங்கள், பழைய சாக்கு கூடப் போதும். மாடிப்படி ஏற விடாதீர்கள், பைக் டேங்கில் உட்காரவைத்து அங்கிருந்து குதிக்க விடாதீர்கள். ஒன்றரை வயது வரைக்கும் எலும்பு வளர்ந்துகொண்டே இருக்கும், அதுவரை சைக்கிள் பின்னால் ஓட்டுகிற வேலையும் கிடையாது.

கால்சியம் சிரப் விஷயம் கட்டாயம் சொல்லியாக வேண்டும். குட்டி வாங்கின கையோடு மருந்துக்கடையில் ஒரு பாட்டில் வாங்கி, கால் பலமாகட்டும் என்று ஊற்றுவது நம் ஊர் வழக்கம். பெரிய இனக் குட்டிக்கான நல்ல தீனி கொடுக்கிறவர்கள் அதற்கு மேல் கால்சியம் சேர்த்தால் எலும்பு வளர்ச்சி கோணலாகும். மருத்துவர் பார்த்துச் சொன்னால் மட்டும் கொடுங்கள். அதேபோல் கொழுகொழுவென்று வளர்ப்பதும் வேண்டாம், விலாவைத் தடவினால் எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும். வெறும் தயிர்சாதத்தில் இந்த உடம்பு வளராது. வீட்டுச் சாப்பாடுதான் என்றால் கோழி, முட்டை, கொஞ்சம் சோறு, காய் என்று மருத்துவரிடம் அளவு கேட்டு வையுங்கள், குழம்பு ஊற்றாதீர்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், வெந்த கோழி எலும்பு இவை எதுவும் ஆகாது. வளர்ந்த பிறகும் ஒரே வேளையாகக் கொட்டாமல் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், சாப்பிட்டதும் ஓடவிடாதீர்கள். இந்த மாதிரி அகன்ற நெஞ்சுள்ள நாய்களுக்கு வயிறு காற்றடைத்து முறுக்கிக்கொள்ளும். வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்தால் நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்கு ஓடுங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நாய் இருக்காது.

தடுப்பூசியில் சமாதானமே கூடாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, அப்புறம் மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தொடர் ஊசிகள், மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி, பிறகு வருஷா வருஷம். பார்வோ என்கிற வைரஸ் நோய் மற்ற இனங்களைவிட ராட்வீலர் குட்டிகளைக் கடுமையாகத் தாக்கும். உண்ணிக் காய்ச்சலும் நம் ஊரில் சாதாரணம், சாப்பாட்டைப் பார்த்து முகம் திருப்பினாலே காது மடலையும் விரல் இடுக்கையும் விரித்து உண்ணி இருக்கிறதா பாருங்கள். கருத்தடையை எப்போது செய்வது என்று மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள். ஒரு வயதுக்கு முன்பே செய்த ராட்வீலர்களுக்கு எலும்புப் புற்றுநோய் அதிகம் வருகிறது என்று ஆய்வு இருப்பதால் அவசரப்பட வேண்டாம்.

உலகத்தைக் காட்டுவது

மூன்று வாரத்திலிருந்து சுமார் பதினான்கு வாரம் வரை குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ அதுதான் அதற்கு இயல்பான உலகம். நீங்கள் எடுத்து வரும்போது பாதிக் காலம் முடிந்திருக்கும். ஊசி முடியும்வரை தரையில் விட முடியாது, சரி, தூக்கிக்கொண்டு போகலாமே. மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் கடைத்தெரு, கோயில் மேளச் சத்தம், பள்ளிக்கூடம் விடுகிற நேரம், ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், தாடிக்காரர், ஊன்றுகோல் தாத்தா, பர்தா அணிந்த பெண், மூட்டை தூக்குகிறவர் எல்லாரையும் தூரத்திலிருந்து காட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் வாயில் ஒரு துண்டு வேகவைத்த கோழி. எல்லாரும் தொட்டுக் கொஞ்ச வேண்டும் என்றில்லை. பார்த்தது, ஒன்றும் ஆகவில்லை, கறி கிடைத்தது. அவ்வளவு போதும்.

பழக்குவது

"இரண்டு மாதம் எங்கள் கெனலில் விடுங்கள், பழக்கித் தருகிறோம்" என்பவர்களிடம் அனுப்பாதீர்கள். அங்கே அந்த ஆளுக்குக் கீழ்ப்படிந்துவிட்டு வீட்டுக்கு வந்து அம்மா பேச்சைக் கேட்காத நாயால் யாருக்கு லாபம்? ட்ரெயினர் வைத்தால் வீட்டுக்கு வந்து உங்களுக்குக் கற்றுக்கொடுக்கிறவராக வையுங்கள். முள் காலர், கரன்ட் காலர், அடி மூன்றும் வேண்டாம். பாய்ந்து கடிக்கச் சொல்லிக்கொடுக்கிற அட்டாக் ட்ரெயினிங் ஒரு குடும்ப நாய்க்கு எதற்கு? காவல் காப்பது இதன் ரத்தத்திலேயே இருக்கிறது, நாம் கற்றுக்கொடுக்க வேண்டியது சும்மா இருப்பதை.

வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள். உட்கார், இரு, வா, விடு, இடத்துக்கு. இந்த ஐந்து போதும். அப்பா "சிட்" என்றும் பாட்டி "உக்காருடா ராஜா" என்றும் பையன் "டவுன்" என்றும் சொன்னால் நாய் மூன்று பேரையும் கண்டுகொள்ளாது. ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிஷம், ஒரு நாளில் மூன்று நான்கு தடவை. தினம் ஒருவர் கையால் சாப்பாடு, "உட்கார்" சொல்லி உட்கார்ந்த பிறகுதான் தட்டு. மேலே தாவினால் முட்டியால் இடிக்க வேண்டாம், திரும்பி நின்றுகொள்ளுங்கள், நான்கு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் தடவுங்கள்.

வேட்டி நுனியையும் புடவைத் தலைப்பையும் பிடித்து இழுக்கிற வயதில் எல்லாருக்கும் அது சிரிப்பாகத்தான் இருக்கும். இங்கேதான் நம் அளவுகோலை எடுக்க வேண்டும். அசையாமல் நில்லுங்கள், கடித்து விளையாட ஒரு பொம்மையை வாயில் கொடுங்கள். கையிலே கடித்தால் விளையாட்டு அதோடு முடிந்தது, எழுந்து போய்விடுங்கள். கத்தி ஓடினால் அதற்கு இன்னும் உற்சாகம், முக்கியமாகப் பிள்ளைகள் ஓடக் கூடாது.

தட்டு விஷயம் கொஞ்சம் விரிவாக. சாப்பிடுகிற நாயின் தட்டில் கைவிட்டு, தட்டைப் பிடுங்கி, "பார், என் நாய் ஒன்றும் செய்யாது" என்று காட்டுகிற வீரம் பலருக்கு உண்டு. பத்துத் தடவை பொறுத்துக்கொண்ட நாய் பதினோராவது தடவை கையைப் பார்த்ததுமே விறைக்க ஆரம்பிக்கும். தலைகீழாகச் செய்யுங்கள். அது சாப்பிடும்போது இரண்டடி தள்ளி நடந்து போய், தட்டில் இருப்பதைவிட நல்ல துண்டு ஒன்றைப் போட்டுவிட்டு நிற்காமல் போங்கள். சில நாளில் நீங்கள் வருவதைப் பார்த்ததும் தலையைத் தூக்கி வாலாட்டும், மனுஷன் வந்தால் சாப்பாடு கூடுகிறது என்று புரிந்துவிட்டது. செருப்பைக் கவ்விக்கொண்டு போனாலும் துரத்தாதீர்கள். கறித்துண்டைக் காட்டி "விடு" சொல்லுங்கள், விட்டதும் கொடுங்கள், செருப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வாசல், இந்த இனத்தில் பெரும்பாலான வம்பு ஆரம்பிக்கிற இடம். பால்காரர், கூரியர், சிலிண்டர் போடுகிறவர், வேலைக்கு வருகிற அக்கா என்று நம் வீட்டுக் கேட் நாள் முழுக்கத் திறந்து மூடும். ஹாலில் ஒரு மெத்தை போட்டு அதை நாயின் இடமாக்குங்கள். முதலில் சத்தமே இல்லாமல், "இடத்துக்கு" என்று சொல்லி மெத்தைமேல் கறித்துண்டு போடுங்கள், போய்ப் படுத்ததும் இன்னொன்று. அது பழகியதும் ஒருவர் வெளியே போய்க் கேட்டை லேசாகத் தட்டட்டும், உள்ளே இருப்பவர் உடனே "இடத்துக்கு". தட்டுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமாக்குங்கள், பிறகு காலிங் பெல், பிறகு கதவு திறப்பது, கடைசியாக ஒருவர் உள்ளே வருவது. எந்தக் கட்டத்தில் எழுந்து ஓடினாலும் அதற்கு முந்திய கட்டத்துக்குத் திரும்புங்கள். இது கைவர மாதக்கணக்கில் ஆகும். கைவந்தாலும் கேட்டுக்கும் நாய்க்கும் நடுவே இரண்டாவது கதவோ கம்பித் தடுப்போ கட்டாயம் வேண்டும், பழக்கம் ஒரு நாள் தவறும், தாழ்ப்பாள் தவறாது.

வாய்ப்பூட்டைக் குட்டியிலேயே பழக்குங்கள். வாயை இறுக்குகிற துணிப் பட்டை வேண்டாம், அதைப் போட்டால் நாயால் மூச்சு வாங்க முடியாது. நாக்கை நீட்டவும் தண்ணீர் குடிக்கவும் முடிகிற கூடை மாதிரியானதை வாங்குங்கள். உள்ளே கொஞ்சம் தயிர் தடவி நீட்டுங்கள், மூக்கை அதுவாக நுழைத்து நக்கட்டும். ஒரு வாரம் வெறும் நக்கல்தான், வாரைக் கட்டாதீர்கள். பிறகு ஒரு விநாடி கட்டி அவிழ்ப்பது, பிறகு பத்து விநாடி. அப்புறம் வாய்ப்பூட்டைக் கையில் எடுத்தாலே வாக்கிங் என்று குதிக்க ஆரம்பிக்கும்.

தெருவில் ஆறடிக் கயிறு போதும், இழுத்தால் நில்லுங்கள், தளர்ந்தால் நடங்கள். தெருநாய்க் கூட்டம் உங்களைவிட முன்னால் அந்தத் தெருவில் குடியிருப்பது, அவற்றிடம் உங்கள் நாயின் பலத்தைக் காட்ட வேண்டாம். தூரத்தில் பார்த்ததுமே வேறு பக்கம் திரும்புங்கள். ஓடாதீர்கள், உங்கள் நாயை உங்களுக்குப் பின்னால் நிறுத்தி நடுவில் நீங்கள் நில்லுங்கள்.

எட்டு மாதத்துக்கு மேல்

எட்டு மாதம் முதல் ஒன்றரை, இரண்டு வயது வரை சொன்ன பேச்சு கேட்காத விடலைப் பருவம். நேற்று வரை "வா" என்றால் ஓடி வந்தது இன்று திரும்பிக்கூடப் பார்க்காது, அதுவரை கண்டுகொள்ளாத கூரியர்காரரை முதல்முறையாக விறைத்துப் பார்க்கும். நிறையப் பேர் இங்கேதான் கைவிட்டுச் சங்கிலியில் கட்டுகிறார்கள். கட்டிப்போட்ட நாய் முன்னால் ஆட்கள் போய்க்கொண்டே இருக்க, ஒன்றும் செய்ய முடியாத கோபம் அதற்குள் ஏறிக்கொண்டே போகும். கட்டாதீர்கள், ஐந்து சொல்லையும் மறுபடி முதலிலிருந்து, கயிற்றோடு, கறித்துண்டோடு ஆரம்பியுங்கள். உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை, அதை அடித்து நிறுத்தினால் அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கும். எதைப் பார்த்து உறுமியது என்று குறித்துக்கொண்டு அந்த இடத்திலிருந்து விலக்குங்கள்.

வெயில்

கறுப்பு உடம்பு, கனத்த நெஞ்சு, நம் ஊர் வெயில். மார்ச் முதல் ஜூன் வரை வாக்கிங் எல்லாம் சூரியன் ஏறுவதற்கு முன்னும் நன்றாக இருட்டிய பிறகும்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு வெயில் போயிருக்கும், தார்ச்சாலையின் சூடு போயிருக்காது. புறங்கையை ஏழு விநாடி தரையில் வைத்துப் பாருங்கள், உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. மூச்சிரைப்பு அடங்காமல், எச்சில் கெட்டியாகி, ஈறு செக்கச்செவேல் என்று மாறி, தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஃபேனைப் போட்டு, ஊற்றிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

பிள்ளைகள் இருக்கிற வீடு

சொந்தப் பிள்ளைகளோடு இந்த நாய் எவ்வளவு பொறுமையாக இருக்கும் என்று பார்த்தால் அதிசயமாக இருக்கும். அதை நம்பித்தான் ஏமாறுகிறோம். உங்கள் பெண்ணோடு பழகிய நாய்க்குப் பக்கத்து வீட்டுப் பையன் உங்கள் பெண்ணைப் பிடித்துத் தள்ளி விளையாடுவது விளையாட்டாகத் தெரியாது. பத்து வயதுக்குக் கீழே உள்ள எந்தப் பிள்ளையோடும், எவ்வளவு நல்ல நாயானாலும், பெரியவர் பார்வையில்லாமல் ஒரு நிமிஷம்கூட விடாதீர்கள். தூங்குகிற நாய், சாப்பிடுகிற நாய், மெத்தைமேல் இருக்கிற நாய் மூன்றையும் தொடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். கல்யாணம், கிரகப்பிரவேசம், தீபாவளி என்று வீடு நிறைகிற நாட்களில் மூடிய அறையில் ஃபேன், தண்ணீர், மெல்ல ஒரு எலும்பு பொம்மை. "பார்க்கணும் மாமா, ஒரு தடவை வெளிய விடுங்க" என்று சொந்தக்காரப் பிள்ளைகள் கெஞ்சும், மாமா மசியக் கூடாது.

கடித்துவிட்டால்

பல் லேசாகப் பட்டிருந்தாலும் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், காபித்தூள் எதுவும் வைக்காமல் அரசு மருத்துவமனைக்கு நீங்களே கூட்டிப் போங்கள், நாயின் ஊசிச் சீட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்ட நாய்தான் என்று சொல்லி அவர்களுக்கான ஊசியைத் தட்டிக்கழிக்க வைக்காதீர்கள், அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், செல்லப்பிராணிக் காப்பீடு எடுத்திருந்து அதில் மூன்றாம் நபர் இழப்பீடும் சேர்ந்திருந்தால் உடனே தகவல் கொடுங்கள். பிறகு நாயைக் கால்நடைக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்கள் மருத்துவரிடமோ காட்டுங்கள், வலியால் கடிக்கிற நாய்கள் நிறைய, காது ரணமோ இடுப்பு வலியோ இருக்கலாம். கடித்த நாளிலிருந்து பத்து நாள் அது உங்கள் கண்காணிப்பிலேயே இருக்க வேண்டும். பயத்தில் அன்றைக்கு ராத்திரியே யாரோ தோட்டக்காரருக்குக் கொடுத்துவிடுவது, ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடுவது இரண்டும் கூடாது. கடிபட்டவருக்கு அந்தப் பத்து நாள் தகவல் தேவை, கடிக்கிற நாய் என்று தெரியாமலே அதை வாங்கிக்கொள்கிற வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள்.